திருட்டு குறைஞ்சிருக்குதாம், ஆடும்தான் குறைஞ்சிருக்குது

குற்றம் குறைஞ்சு போச்சு என்று ஆளுங்கட்சி சொல்லும். சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்குது என்று எதிர்க்கட்சி சொல்லும். ஆட்சி மாறினால் ரெண்டு பேரும் வசனத்தை மாத்திக்குவாங்க, அவ்வளவுதான். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து சதவீதத்தை வைத்து மல்லுக்கட்டுவார்கள். நகரத்தில் இருக்கும் நீங்களும் அதைப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த கட்சி எதுவோ அதற்கேற்ற மாதிரி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

எனக்கு ரெண்டு பேர் மேலயும் ஒரே கோபம்தானுங்க. இவர்கள் சண்டை போடுவது ஸ்டேஷன் நோட்டில் என்ன ஏறியிருக்கிறது என்பதைப் பற்றி. எங்கள் காட்டில், தோட்டத்தில், பட்டியில் என்ன காணாமல் போனது என்பதைப் பற்றி இல்லை. ரெண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பேசுகிற வரைக்கும் இந்த விவாதம் வெறும் பேச்சுதான்.

முதலில் அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருசா வருசம் ஒரு அறிக்கை போடுகிறது. 1953ல் இருந்து வருகிற அறிக்கை இது. அந்தக் காப்பகத்து ஆள் யாரும் ஊர் ஊராக வந்து 'உங்க வீட்ல என்னம்மா போச்சு' என்று கேட்பதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எத்தனை எஃப்.ஐ.ஆர். போட்டார்களோ, அது மாவட்டத்துக்குப் போய், மாநிலத்துக்குப் போய், கடைசியில் டெல்லியில் கூட்டல் கணக்கு ஆகிறது. அதிலும் ஒரே எஃப்.ஐ.ஆரில் நாலு குற்றம் இருந்தால், அதில் பெரிய குற்றம் எதுவோ அதை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று அந்த அறிக்கையிலேயே எச்சரித்துத்தான் போடுகிறார்கள். அந்தப் பக்கத்தை டிவிக்காரர் யாரும் படிப்பதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2019ல் நாடு முழுக்கப் பதிவான குற்றங்கள் சுமார் 51.5 லட்சம். 2020ல் 66 லட்சம். அந்த வருசம் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம். அப்புறம் எப்படி இத்தனை லட்சம் கூடியது? அரசு உத்தரவை மீறியதாகப் போடும் 188வது பிரிவு வழக்குகள் 2019ல் 29 ஆயிரத்துச் சொச்சம் இருந்தது, 2020ல் 6 லட்சத்து 12 ஆயிரமாக ஏறிவிட்டது. காய்கறி வாங்கப் போனவன், முகக்கவசம் போடாதவன் எல்லாம் கணக்கில் ஏறிவிட்டான். 2022ல் அது 58 லட்சமாக இறங்கியது. இதைக் காட்டி நாடு திருந்திவிட்டது என்று யாராவது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்களா மாட்டீர்களா? எங்களுக்கு 'திருட்டு குறைஞ்சிருச்சு' என்று கேட்கும்போது அதே சிரிப்புத்தான் வருகிறது.

எல்லா எண்ணும் பொய் என்று நான் சொல்லவில்லை. கொலைக் கணக்கை ஓரளவு நம்பலாம். பிணத்தை நோட்டில் ஏறாமல் மறைப்பது கஷ்டம். கொலை குறைந்திருக்கிறது என்று அரசு சொன்னால், சரி, நல்லது என்று ஏற்றுக்கொள்ளத் தயார். வண்டித் திருட்டுக் கணக்கும் கொஞ்சம் தேறும். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது, அதனால் விடாப்பிடியாக நின்று வாங்கிவிடுவார்கள். ஆனால் ஆட்டுக்கு? கோழிக்கு? மோட்டார் ஒயருக்கு?

கிராமத்தில் என்ன திருட்டுப் போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கிணத்து மோட்டாரில் இருந்து போகும் காப்பர் ஒயரை அறுத்துக்கொண்டு போய், ரப்பரை எரித்துச் செம்பை எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவான். அவனுக்கு என்னமோ ஆயிரமோ ரெண்டாயிரமோ கிடைக்கும். எனக்குப் புது ஒயர், எலக்ட்ரீசியன் கூலி, அதுக்கு மேல நாலு நாள் தண்ணி பாயாமல் வாடின வாழை. சொட்டுநீர்க் குழாய் போகும். களத்தில் காயும் தேங்காய்ப் பருப்பு போகும். ராத்திரி பட்டியில் கட்டிய வெள்ளாடு காலையில் இருக்காது. இதெல்லாம் உங்கள் பேப்பரில் வருகிற குற்றம் கிடையாது. ஆனால் ஒரு விதவைப் பெண்ணுக்கு மூன்று ஆடு என்பது அவளுடைய பேங்க் கணக்கு. பொண்ணு காலேஜ் பீஸுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வளர்ப்பது அது.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவருக்கு அப்படித்தான் மூன்று ஆடு ஒரே ராத்திரியில் போனது. நானும் கூடப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை, எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். எழுத்தர் முதலில் கேட்டது, "ஆட்டுக்கு என்னம்மா அடையாளம்?"

"காதுல வெட்டு இருக்குங்க சாமி. ஒன்னு செவலை, ரெண்டு கருப்பு."

"செவலையும் கருப்பும் ஊருக்குள்ள ஆயிரம் இருக்கும். சந்தையில தேடிப் பாத்தீங்களா?"

"தேடிட்டுத்தானுங்க வந்தேன்."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா? இல்லைனா நாங்க எங்கன்னு போய்த் தேடுறது? மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்."

கடைசியில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அதற்கே ரெண்டு தடவை நடக்க வேண்டியிருந்தது. சி.எஸ்.ஆர். என்றால் உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு சீட்டு. அவ்வளவுதான். அது வழக்கு இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு ரசீதே கிடையாது. அந்த அக்கா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்திருக்கிறார், கேஸ் நடக்கிறது என்கிற நம்பிக்கையில். நம் மாநிலத்துத் திருட்டுக் கணக்கில் அந்த மூன்று ஆடும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அதிகாரம் ஸ்டேஷனுக்கு இல்லை. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு மாதிரி சில வகைகளில் மட்டும் முதலில் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. ஆடு திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. 2024 ஜூலை 1ல் இருந்து வந்திருக்கும் புதுச் சட்டத்திலும் எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் கையோடு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பேப்பரில் எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆடு போனவள் வக்கீல் வைத்து மாஜிஸ்திரேட்டிடம் போவதற்கு இன்னும் ரெண்டு ஆடு விற்க வேண்டும்.

அதே புதுச் சட்டத்தில் இன்னொரு சங்கதி நைசாக உள்ளே வந்திருக்கிறது. நகரத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசி நான் பார்க்கவில்லை. திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்தால் அது இனிமேல் போலீஸ் தானாக வழக்குப் போட்டு விசாரிக்கக்கூடிய குற்றம் இல்லை. ஒரு நோட்டில் எழுதிவிட்டு, 'நீங்க கோர்ட்டுக்குப் போய்க்கங்க' என்று சொல்லலாம். முன்பெல்லாம் ஒரு கோழியைத் திருடினாலும் சட்டப்படி வழக்குப் போட வேண்டும். முதல் தடவை மாட்டினவனை ஜெயிலுக்கு அனுப்பாமல், பொருளைத் திருப்பிக் கொடுக்க வைத்து, சமூக சேவை செய்ய விடுவது நல்ல யோசனைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவனைப் பிடித்தால்தானே சேவை செய்ய வைப்பது? விசாரணையே இல்லை என்றால் யாரைப் பிடிப்பது? ஒரு வெள்ளாட்டுக் குட்டி, நாலைந்து கோழி, ஒரு துண்டு ஒயர் எல்லாம் 5,000க்குள் அடங்கிவிடும். வருசக் கணக்கில் ஏறுவது போலீஸ் நேரடியாக வழக்குப் போடும் குற்றங்கள் மட்டும்தான். ஆக, ஒரு திருடனும் திருந்தாமலே திருட்டு குறையப் போகிறது. அடுத்த சில வருசங்களில் யாராவது அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து சாதனை என்று சொன்னால் இந்தப் பத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் எஸ்.ஐ. ஒருத்தர்தான் வில்லன் என்று நினைக்காதீர்கள். அவர் நிலைமையும் பரிதாபம்தான். மாசா மாசம் எஸ்.பி. ஆபீசில் கூட்டம். போன மாசத்தை விட ஏன் திருட்டு வழக்கு கூடியிருக்கிறது, எத்தனை கண்டுபிடித்தாய், எவ்வளவு மீட்டாய் என்று நாலு பேர் முன்னால் கேள்வி. பத்து வழக்குப் போட்டு மூன்றைக் கண்டுபிடித்தவர் திட்டு வாங்குவார். மூன்றே வழக்குப் போட்டு மூன்றையும் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர். இப்படிக் கணக்குக் கேட்டால் எந்த மனுசன் நாலாவது வழக்கைப் போடுவான்? நானாக இருந்தாலும் சி.எஸ்.ஆர். கொடுத்துத்தான் அனுப்புவேன். இத்தனைக்கும் நடுவில் திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வருகை, கோர்ட்டு, ராத்திரி ரோந்து போய்ப் பட்டா புக்கில் கையெழுத்து. இருக்கிற ஆளில் பாதிப் பேர் எப்போதும் எங்கேயோ போயிருப்பார்கள்.

இதைச் சொன்னால், 'பதிவு ஆகலைன்னா என்னங்க, விசாரிச்சு ஆட்டைக் கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போதாதா' என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. வழக்குப் போடாத விசாரணை எங்கே கொண்டுபோய் விடும் என்று 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் பார்த்தோம். காரில் வைத்த நகை காணோம் என்று ஒரு புகார். கோயில் காவலாளியான இளைஞரைத் தனிப்படை அடித்து விசாரித்தது, அவர் செத்துப்போனார். வழக்கே பதியாமல் தனிப்படை எப்படி உள்ளே வந்தது என்று மதுரைக் கிளை நீதிபதிகள் கேட்டார்கள். கேள்வி அங்கேதான் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். என்பது புகார் கொடுத்தவனுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. சந்தேகப்பட்டவனுக்கும் அதுதான் பாதுகாப்பு. நோட்டில் ஏறிவிட்டால் தேதி, நேரம், யார் விசாரித்தது எல்லாத்துக்கும் கணக்கு இருக்கும், கோர்ட்டுக்குத் தெரியும். ஏறாவிட்டால் கூட்டிப் போனவனும் தெரியாது, அடித்தவனும் தெரியாது.

எனக்காவது ஸ்டேஷனில் ஒரு நாற்காலி கிடைக்கும். கொஞ்சம் நிலம் இருக்கிறது, வார்டு மெம்பரைத் தெரியும். காலனியில் இருந்து ஒருத்தர் தனியாகப் போய் என் சைக்கிளைக் காணோம் என்று சொன்னால் என்ன நடக்கும்? அவரையே நாலு கேள்வி கேட்டு அனுப்புவார்கள். அதனால் அவர்கள் போவதே இல்லை. போகாதவர்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் வராது. ஒரு ஊரில் புகாரே இல்லை என்றால் அங்கே அமைதி நிலவுகிறது என்றும் சொல்லலாம், ஜனங்கள் கைகழுவிவிட்டார்கள் என்றும் சொல்லலாம். எண்ணை மட்டும் பார்த்தால் ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

கைகழுவின ஜனங்கள் சும்மா இருப்பதில்லை என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், சென்னையில் இருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துகிற கும்பல் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்தது. ஒரு மூதாட்டி செத்தே போனார். வாட்ஸ்அப் வதந்தி என்று எல்லோரும் எழுதினார்கள். வாட்ஸ்அப் மட்டும் காரணமா? போலீசுக்குச் சொன்னால் வந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் ஊரில் ஜனம் முதலில் போன் போடும். அந்த நம்பிக்கை இல்லாத ஊரில் கட்டையைத் தூக்கும். இப்போது எங்கள் பக்கம் ஆடு காணோம் என்றால் முதல் சந்தேகம் மில்லுக்கு வேலைக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பையன்கள் மேல்தான். ஆதாரம் எதுவும் வேண்டாம், பேச்சே போதும். எவனோ ஒருத்தன் மினி ஆட்டோவில் ஆட்டை ஏற்றிக்கொண்டு போயிருப்பான், அடி வாங்கப் போவது பீகாரில் இருந்து வந்த பையன்.

கொங்குப் பகுதியில் நாங்கள் ஊருக்குள் வரிசையாக வீடு கட்டி இருப்பதில்லை. அவரவர் தோட்டத்தில் தனித்தனியாக இருப்போம். கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. பிள்ளைகள் எல்லாம் கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை என்று போய்விட்டார்கள். இதைப் படிக்கிற உங்களில் எத்தனையோ பேருடைய அப்பா அம்மாவும் அப்படி ஒரு தோட்டத்து வீட்டில்தான் இருப்பார்கள். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கத்தில் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025 மே மாதம் சிவகிரியில் வயதான தம்பதி கொல்லப்பட்டது தெரிய வந்தது. அதற்குப் பிறகு அந்த மாதமே ஆட்களைப் பிடித்து, பல்லடத்துக் கொலையிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு என்று போலீஸ் அறிவித்தது. பிடித்தது நல்ல விசயம், பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஆறு மாசமும் எங்கள் பெரியவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. 'கொலை விகிதம் குறைந்துவிட்டது பாட்டி' என்று போனில் சொன்னால் அந்தப் பாட்டி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவாளா? ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் குரைத்தால், போன் போட்டால், எத்தனை நிமிசத்தில் ஒரு வண்டி வரும்? நம்பிக்கை என்பது அதுதான்.

சின்னத் திருட்டை எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மூன்று ஊரில், மூன்று வெவ்வேறு ஸ்டேஷன் எல்லையில், ஒரே வாரத்தில் ஆடு போனால், எழுதி வைத்திருந்தால்தான் ஒரே கும்பல் என்று புரியும். எழுதாவிட்டால் அது மூன்று கிழவிகளின் தனித்தனிப் புலம்பல்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் குற்றம் குறைகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லண்டன் போலீசில் இருந்த ஒருவரே நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து கணக்கில் தில்லுமுல்லு நடக்கிறது என்று போட்டு உடைத்தார். 2014 ஜனவரியில், போலீஸ் கொடுக்கும் குற்றக் கணக்குக்குத் தந்திருந்த தரச் சான்றை அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையமே எடுத்துவிட்டது. அதே வருசம் நடந்த ஆய்வில், ஜனங்கள் சொன்ன குற்றங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. அதன்பிறகு ஒழுங்காக எழுத ஆரம்பித்தார்கள், எண்ணிக்கை ஏறியது. ஆனால் அவர்களிடம் இன்னொரு அளவுகோல் இருந்தது. 1980களில் இருந்தே வீடு வீடாகப் போய் 'உங்களுக்கு என்ன நடந்தது, போலீசுக்குச் சொன்னீர்களா' என்று கேட்டுத் தனியாக ஒரு கணக்கு எடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் 1970களில் இருந்து எடுக்கிறார்கள். இங்கே சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் அப்படி ஒரு ஆய்வு நடந்து 2017ல் வெளிவந்தது. திருட்டுக் கொடுத்தவர்களில் எஃப்.ஐ.ஆர். வரை போனவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மாநகரத்து நிலைமையே அது. எங்கள் ஊருக்கு அந்தக் கேள்வியோடு யாரும் வந்ததே இல்லை.

நகரத்து நண்பர்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கை கூடினால் உடனே 'ஐயோ மாநிலமே கெட்டுப்போச்சு' என்று குதிப்பவர்கள் நீங்கள்தான். குறைந்தால் கைதட்டுபவர்களும் நீங்கள்தான். கட்சிக்காரனுக்கு அந்தக் கைதட்டல் வேண்டும். அவன் அதிகாரியிடம் கேட்கிறான், அதிகாரி எஸ்.பி.யிடம் கேட்கிறார், எஸ்.பி. எஸ்.ஐ.யிடம் கேட்கிறார், எஸ்.ஐ. ஆடு போனவளிடம் 'மனு குடுத்துட்டுப் போம்மா' என்கிறார். உங்கள் கைதட்டல்தான் கடைசியில் அவள் கையில் சி.எஸ்.ஆர். சீட்டாக வந்து விழுகிறது. நம் பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். குற்ற விகிதப் பட்டியலில் எப்போதும் மேலே இருக்கும். அங்கே இருப்பவர்கள் எல்லாம் நம்மை விடக் கேடிகளா என்ன? அங்கே கேட்டால் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

எண்ணிக்கை கூடினால் பொய்ப் புகாரும் கூடுமே என்பார்கள். கூடும்தான். வரப்புத் தகராறை நகைத் திருட்டாக மாற்றி எழுதிக் கொடுக்கும் ஆட்களை எனக்கும் தெரியும். பொய் என்று விசாரணையில் தெரிந்தால் வழக்கை முடித்து அறிக்கை போடுவதற்கும், பொய்ப் புகார் கொடுத்தவன் மேல் நடவடிக்கை எடுப்பதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. களை வருமென்று எவனாவது விதைக்காமல் இருப்பானா?

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இந்த மாசம் எத்தனை மனு வந்தது, எத்தனை சி.எஸ்.ஆரோடு நின்றது, எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது என்ற மூன்று எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016லேயே உச்ச நீதிமன்றம் சொல்லி, ஏற்றவும் செய்கிறார்கள். இன்னும் ரெண்டு எண்ணைச் சேர்ப்பதில் என்ன கஷ்டம்? 5,000 ரூபாய்க்குள் போன திருட்டுகளை எழுதும் நோட்டின் விவரம் பதினைந்து நாளைக்கு ஒரு முறை மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, அதையும் ஊருக்குத் தெரியும்படி வெளியிடுங்கள். வருசத்துக்கு ஒரு தடவை போலீஸ் கை படாமல், கிராமங்களையும் சேர்த்து, வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுங்கள். வழக்கு கூடியதற்காக எஸ்.ஐ.யைத் திட்டாதீர்கள், வழக்குப் போடாததற்குத் திட்டுங்கள்.

இதைச் செய்தால் முதல் ரெண்டு வருசம் எண்ணிக்கை தாறுமாறாக ஏறும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அவர்களுக்கு அது கெட்ட பெயர். அந்த ரெண்டு வருசத்தைத் தாங்குகிற துணிச்சல் யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்கு நான் ஓட்டுப் போடுகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த தடவை குற்றம் இத்தனை சதவீதம் குறைந்தது என்று யாராவது சொன்னால், கைதட்டுவதற்கு முன்னால் 'எத்தனை மனு வந்துச்சுங்க?' என்று கேளுங்கள். ஊருக்கு வரும்போது உங்கள் அப்பத்தாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், போன வருசம் என்னென்ன காணாமல் போச்சு, யாரிடம் சொன்னாய் என்று. அவள் சொல்கிற பட்டியலை நான் நம்புகிறேன்.